ஆய்வுக்கூடத்திலிருந்து ப்ளஸ் ஒன் வகுப்பறைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் 34 ஆண்டுகள் இயந்திரப் பொறியாளராகப் பணியாற்றி, 60 வயதில் ஓய்வு பெற்று, தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்துக்கு அருகே குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்பினேன். ஆறு ஆண்டுகளாக, அருகிலுள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்து வருகிறேன். ஓய்வு பெறப்போகும் பழைய சக பணியாளர்கள் தொலைபேசியிலும், பெற்றோர்கள் பள்ளி வாசலிலும், ஊர்ப் பெரியவர்கள் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒருசேரப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் நீங்கள் உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள்?

கருவிகளை உலுக்கிப் பார்க்கும் வேலை. கவச வண்டியிலோ விமானத்திலோ ஏவுகணையிலோ பொருத்தப்படும் மின்னணுப் பெட்டி ஒன்று அங்கே ஏற்படும் அதிர்வையும் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குமா என்பதை, அது களத்துக்குப் போவதற்கு முன்பே கண்டறிய வேண்டும். பெட்டியை ஒரு ஃபிக்ஸ்சரில், அதாவது அதைப் பிடித்து நிறுத்தும் சட்டத்தில் இறுக்கி, ஷேக்கர் என்ற அதிரும் மேசையில் ஏற்றி, அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போவோம். ஏதோ ஓர் அதிர்வெண்ணில், அதுவரை அமைதியாக இருந்த ஒரு தகடோ கம்பியோ திடீரென்று வேகமாக ஆடத் தொடங்கும். ப்ளஸ் ஒன் பாடநூல் ஒத்ததிர்வு என்று சொல்வது இதைத்தான். சால்டர் வைத்த இணைப்புகள் பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போகும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, வடிவமைத்தவரிடம் சொல்லி, அவர் திருத்திக் கொண்டுவந்ததை மறுபடியும் உலுக்குவோம். 34 ஆண்டுகளும் ஏறத்தாழ இதையேதான் செய்தேன்.

அந்த வேலையைப் பற்றி மாணவர்களிடம் பேச அனுமதி உண்டா?

இயற்பியலைப் பேசலாம், திட்டங்களைப் பேசக்கூடாது. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பின்னும் நம்மைக் கட்டுப்படுத்தும். அதோடு, 2021இல் ஓய்வூதிய விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பாதுகாப்பு சார்ந்த குறிப்பிட்ட நிறுவனங்களில் பணியாற்றியவர்கள் தம் துறை சார்ந்த செய்திகளை வெளியிடுவதற்கு முன் ஒப்புதல் பெற வேண்டும். இதனால் எனக்கு எந்த இடைஞ்சலும் ஏற்பட்டதில்லை. மேலே நான் சொன்ன சோதனை முறைகளின் பொது வடிவம் ‘ஜேஎஸ்எஸ் 55555’ என்ற முப்படைகளின் தர ஆவணத்தில் உள்ளது, எந்தப் பொறியியல் நூலிலும் இருக்கிறது. எந்தப் பெட்டி, எந்த வண்டி, எந்த எண் என்று கேட்கும் மாணவரிடம், “அதைச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்” என்கிறேன். பிள்ளைகள் அதை மதிக்கிறார்கள்.

பி.எட். படிக்காத ஒருவர் மேல்நிலை வகுப்பில் எப்படிக் கற்பிக்க முடிகிறது?

நிரந்தர ஆசிரியராக முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்நிலை வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு, இயற்பியலில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். இயந்திரப் பொறியியல் பட்டம் அதற்கு ஈடாகாது, ஆகவும் கூடாது என்பது இந்த ஆறு ஆண்டுகளில் எனக்கு ஏற்பட்ட கருத்து. நான் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக, பள்ளியின் இயற்பியல் ஆசிரியைக்குத் துணையாக வந்தவன். வகுப்புக்குப் பொறுப்பு அவருடையது. செய்முறை வகுப்புகள் முழுவதும், பாட வகுப்புகளில் அவர் ஒதுக்கித் தரும் அலகுகள் மட்டும் என்னுடையவை.

கல்லூரியில் கற்பிக்க விரும்புகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ ஏற்பாட்டில், 15 ஆண்டு அனுபவமுள்ள துறை வல்லுநர்களை, வழக்கமான கல்வித் தகுதியை வற்புறுத்தாமல் கல்லூரிகள் அமர்த்திக்கொள்ளலாம். அது நிரந்தரப் பணி அல்ல, மூன்று ஆண்டு வரை, பின்னர் ஓர் ஆண்டு நீட்டிப்பு, அவ்வளவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மத்திய அரசில் ‘ஏ’ பிரிவு அதிகாரியாக ஓய்வு பெற்றவர், ஓய்வுக்குப் பின் ஓராண்டுக்குள் தனியார் வணிக நிறுவனம் எதிலாவது வேலை ஏற்பதாக இருந்தால் முன் அனுமதி பெற வேண்டும். தனியார் பயிற்சி மையத்தில் சேரும் எண்ணமுள்ளவர்கள், அது இதற்குள் வருமா என்று பழைய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பொறியாளருக்கு இயற்பியல் கற்பிப்பது எளிதாகத்தானே இருக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வாரத்தில் அலைவுகள் பாடத்தை எடுத்துக்கொண்டு, எனக்கு மிகவும் பழக்கமான இடம் என்ற நம்பிக்கையில், வகைக்கெழுச் சமன்பாட்டிலிருந்து தொடங்கிக் கரும்பலகை நிறைய எழுதினேன். நாற்பது பிள்ளைகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாகப் போகிறது என்று மகிழ்ந்தேன். மணி அடித்த பிறகு ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, அதற்கு அடிப்படையான வகையிடல் கணக்கு வகுப்பில் இன்னும் தொடங்கவே இல்லை என்றும், பிள்ளைகள் மரியாதையின் காரணமாகவே பேசாமல் இருந்தார்கள் என்றும் சொன்னார். “ஒரு பருவம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள் சார்” என்று அவர் கேட்டுக்கொண்டதை ஏற்று, அப்படியே உட்கார்ந்தேன். எனக்குக் கற்பிக்கத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடைசி பெஞ்சில் கற்றதுதான்.

மொழியும் தடையாக இருந்தது. தமிழ்வழியில் பத்தாவது வரை படித்தவன்தான் நான். ஆனால் 34 ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே வேலை செய்ததில், தமிழில் சொற்கள் வரவில்லை. ‘ஃபோர்ஸ்டு வைப்ரேஷன்’ என்று நான் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது, ‘திணிப்பு அதிர்வு’ என்று அவர்கள் சொன்னால் எனக்குப் புரியாது. ஒரு ப்ளஸ் ஒன் மாணவி தன் நோட்டில் இரண்டு பத்தியாகச் சொற்பட்டியல் எழுதி எனக்குக் கொடுத்தார். நிலைமம், உந்தம், திருப்புவிசை, தடையுறு அலைவு, பாகியல் என்று அதை மனப்பாடம் செய்தேன். ‘திணிப்பு’ என்ற சொல்லை முதலில் கேட்டபோது வியந்து போனேன், ஏனென்றால் ஷேக்கர் மேசை பெட்டிக்குச் செய்வது அதைத்தான். வெளியிலிருந்து ஓர் அதிர்வெண்ணை அதன்மேல் திணிக்கிறது. இத்தனை ஆண்டு செய்த வேலைக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் என் தாய்மொழியில் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

செய்முறை வகுப்பில் நீங்கள் மிகவும் கண்டிப்பானவர் என்கிறார்களே, எதில்?

ஒன்றே ஒன்றில். அளந்த எண்ணை மாற்றி எழுதக்கூடாது.

முதல் ஆண்டில், தனி ஊசல் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனையைப் பதின்மூன்று குழுக்கள் செய்தன. பதின்மூன்று ரெக்கார்டு நோட்டுகளிலும் விடை 9.8 என்று இருந்தது. ஒரே மாதிரியான பெட்டிகள் பதின்மூன்றை உலுக்கினால்கூட இத்தனை ஒற்றுமை வராது. விசாரித்தபோது பிள்ளைகள் எதையும் மறைக்கவில்லை. விடை 9.8 என்று புத்தகத்தில் இருக்கிறது, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அலைவு நேரம் (ஊசல் ஒருமுறை ஆடிவர ஆகும் நேரம்) கிடைத்துவிடும், அண்ணன்கள் அக்காக்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரியான விடைக்குத்தான் மதிப்பெண் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்.

அன்று என் சொந்தத் தவறு ஒன்றை அவர்களிடம் சொன்னேன். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு சோதனையில் எடுத்த அளவீடுகளில் ஒரு புள்ளி மட்டும் வளைகோட்டை விட்டு விலகி நின்றது. உணர்கருவி தளர்ந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, அந்தப் புள்ளியை விட்டுவிட்டு வரைபடத்தை அழகாகப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து, ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில் அந்தப் பெட்டி சோதனைக் களத்தில் செயலிழந்தது. யாருக்கும் காயமில்லை. விசாரணைக் கூட்டத்தில் என் பழைய நோட்டைப் பார்த்த மூத்த அதிகாரி சத்தம் போடவில்லை, “இந்தப் புள்ளி உனக்குத் தகவல் சொல்ல வந்தது, நீ வெளியே அனுப்பிவிட்டாய்” என்றார். இன்றும் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

பிறகு ஊசலுக்குத் திரும்பினோம். ஒரு மீட்டர் நீள ஊசல் இருபது முறை ஆட ஏறத்தாழ 40.2 விநாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கை 0.2 விநாடி முன்பின் ஆகலாம். அலைவு நேரத்தில் அது அரை விழுக்காட்டுப் பிழை. சமன்பாட்டில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் விடையில் ஒரு விழுக்காடு, அதாவது 0.1. ஆகவே 9.7 என்று ஒரு குழுவுக்கும் 9.9 என்று இன்னொரு குழுவுக்கும் வந்தால் இரண்டுமே நேர்மையான விடைகள்தாம், பக்கத்தில் ‘கூட்டல் கழித்தல் 0.1’ என்று எழுதியிருந்தால் முழுமையான விடைகளும்கூட. இருபதுக்குப் பதில் நூறு அலைவுகளை எண்ணினால் பிழை ஐந்தில் ஒரு பங்காகும் என்பதை ஒரு மாணவர் தானாகவே கண்டுபிடித்து, மதிய உணவு நேரத்தில் வேப்பமரக் கிளையில் நான்கு மீட்டர் கயிற்றைக் கட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

இதில் இன்னொரு செய்தி உண்டு. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதாலும் சுழல்வதாலும், இந்த முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை தொலைவில்கூட இல்லாத நம் தஞ்சை மண்ணில் அதன் மதிப்பு 9.78. கவனமாக அளந்த குழுவுக்கு 9.8ஐ விடச் சற்றுக் குறைவாக வந்தால், அது பிழையாக இல்லாமல் நம் ஊரின் எண்ணாகவே இருக்கலாம்.

அப்படி எழுதினால் பொதுத்தேர்வில் மதிப்பெண் போய்விடாதா?

இந்தக் கவலை நியாயமானது. இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்பது நம் பாடத்திட்டம், அந்த 20ஐ எந்தக் குடும்பமும் விட்டுக்கொடுக்காது. ஆசிரியையும் நானும் பேசி ஒரு வழி கண்டோம். அளவீட்டு அட்டவணையை ஒழுங்காக, அலகுகளோடு, பிழை அளவோடு எழுதினால், உண்மையான எண்ணுக்கும் மதிப்பெண் கிடைக்கிறது. தேர்வாளர்கள் பலரும் அட்டவணையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் புத்தக வினா, ஒரு மதிப்பெண் வினா, முந்தைய ஆண்டு வினாத்தாள் ஆகியவற்றைப் பயிற்சி செய்வதை நான் ஏளனமாகக் கருதவில்லை. மாலை வகுப்பில் அதையும் செய்கிறோம். நெல் அறுத்த கையோடு பள்ளிக்கு வரும் குடும்பத்துப் பிள்ளைக்கு மதிப்பெண்தான் பேருந்துச் சீட்டு.

டெல்டாவில் இயற்பியலைக் காட்ட என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கோடையில் ஆறு வறண்டு நிலத்தடி நீர் இறங்கும்போது, ஃபில்டர் பாயிண்ட் என்ற ஆழமில்லாத குழாய்க் கிணற்றில் ஓடும் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் காற்றை இழுக்கும். உடனே குழி வெட்டி மோட்டாரை உள்ளே இறக்கி வைப்பார்கள். ‘மோட்டாருக்குப் பவர் போதவில்லை’ என்று சொல்லி, 5 குதிரைத்திறன் மோட்டாரை விற்று 7.5 வாங்கியவர்களும் உண்டு. அப்படி ஒரு விவசாயியின் மகன் வகுப்பில் கேட்டார்: “சார், பெரிய மோட்டார் வாங்கியும் ஏன் ஏறவில்லை?”

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை என்பதுதான் பதில். பம்பு தன் உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்றுமண்டலம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றுமண்டலத்தின் மொத்த வலிமையும் ஏறத்தாழ 10.3 மீட்டர் நீர்த்தம்பத்துக்குத்தான் ஈடாகும். உள்ளே முழு வெற்றிடமே இருந்தாலும் அதற்கு மேல் ஏறாது. குழாய் உராய்வு, குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு, காற்றுக் கசிவு எல்லாம் போக நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான். மோட்டாரின் குதிரைத்திறனுக்கும் இந்த எல்லைக்கும் தொடர்பில்லை. மோட்டாரைக் கீழே இறக்கினால் தண்ணீர் ஏறுவதும், நீருக்குள்ளேயே நின்று மேலே தள்ளும் நீர்மூழ்கி மோட்டார் இதைவிட மிக ஆழத்திலிருந்தும் கொடுப்பதும் இதனால்தான்.

சொன்னால் போதாது என்று அளந்து பார்த்தோம். ஊரில் 12 மீட்டர் உயர மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. உள்ளே நூல்வலை பின்னிய, தடித்த, ஒளிபுகும் குழாய் வாங்கினோம். மெல்லிய குழாய் வெளிக்காற்றின் அழுத்தத்தில் சப்பிப்போகும் என்பதை முதல் முயற்சியில் கற்றுக்கொண்டோம். குழாய் முழுவதும் நீர் நிரப்பி, மேல் முனையை அடைத்து, கீழ் முனையை வாளி நீரில் அமிழ்த்தி, ஆய்வக உதவியாளரும் நானும் மேலே ஏறிக் கயிற்றால் மெல்ல இழுத்தோம். பிள்ளைகள் கீழே நின்றார்கள். ஓர் உயரத்துக்குப் பின் குழாய் ஏறியது, நீர் ஏறவில்லை. மேலே வெற்றிடம் திறந்து, நீர் கொதிப்பதுபோல் குமிழியிட்டது. அளந்தபோது 9.65 மீட்டர்.

எதிர்பார்த்தது 10.3. அறுபத்தைந்து சென்டிமீட்டர் எங்கே போயிற்று என்பதே அடுத்த மூன்று நாள் பாடம். 30 பாகை வெப்பத்தில் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம், ஆகவே மேலே இருந்தது முழு வெற்றிடம் அல்ல, நீராவி அங்கிருந்து கீழே அழுத்திக்கொண்டிருந்தது. அதைக் கழித்தால் 9.9. மீதி? நீரில் கரைந்திருந்த காற்றுதான் குமிழியாக வந்தது என்று ஒரு மாணவி சொல்லி, சோறு வடிக்கும் பெரிய அண்டாவில் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு மறுபடியும் செய்யலாம் என்றார். செய்தோம். 9.8 வந்தது. மிச்சமுள்ள பத்து சென்டிமீட்டரை நாங்கள் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறோம். முதல் கேள்வி கேட்ட மாணவரின் தந்தை அந்த ரெக்கார்டு நோட்டைப் பார்த்துவிட்டு, “இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே தம்பி” என்றார்.

வேறு எடுத்துக்காட்டுகள்?

செய்தியில் ‘மேட்டூரிலிருந்து விநாடிக்கு 12,000 கன அடி’ என்று கேட்காமல் வளரும் டெல்டாப் பிள்ளை கிடையாது. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. நாள் முழுவதும் விநாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் விட்டால் ஒரு டிஎம்சி தீரும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. வரத்தே இல்லாமல் 12,000 கன அடி விட்டால் 90 நாள் வரும். ஜூன் 12இல் அணை திறந்தால் ஜனவரி 28 வரை பாசனம் நடக்க, மழையும் மேலிருந்து வரும் நீரும் ஏன் வேண்டும் என்பது இந்த ஒரே கணக்கில் விளங்குகிறது. அலகு மாற்றம் என்ற சலிப்பூட்டும் பாடத்தை நான் இதில்தான் தொடங்குகிறேன். அலகைக் கவனிக்காததால் 1999இல் அமெரிக்காவின் செவ்வாய்க் கலம் ஒன்று அழிந்தது என்பதையும் சொல்கிறேன். ஒரு குழு பவுண்டிலும் இன்னொரு குழு நியூட்டனிலும் கணக்கிட்டிருந்தன.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் உறுதிச் சமநிலை இருக்கிறது. அடிப்பாகம் கனமாக இருப்பதால் என்று மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான். ஈர்ப்பு மையம், வளைந்த அடிப்பரப்பின் வளைவு மையத்துக்குக் கீழே இருப்பதுதான் காரணம். பொம்மையின் தலையில் களிமண்ணைச் சிறிது சிறிதாக ஒட்டிக்கொண்டே வந்தால், ஆட்டம் மெதுவாகி மெதுவாகி, ஒரு கட்டத்தில் பொம்மை சாய்ந்து எழாமல் போகும். அந்தக் கட்டத்தில் இரண்டு மையங்களும் ஒன்றாகின்றன.

மிருதங்கத்தின் நடுவிலுள்ள கறுப்புச் சாந்து இல்லாவிட்டால் அந்தத் தோல் வெறும் இரைச்சலைத்தான் எழுப்பும். வட்டத் தோலின் அடிப்படைச் சுரமும் அதோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்களும் 1, 1.59, 2.14 என்று முழு எண் அல்லாத விகிதங்களில் அமையும். சாந்தின் எடை அவற்றை 1, 2, 3 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இதை ஆராய்ந்து 1920இல் உலகுக்கு அறிவித்தவர் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி.வி. ராமன். நோபல் பரிசு பெற்ற ஒருவர் நம் கச்சேரி வாத்தியத்தை ஆய்வுக்கூடக் கருவியாக மதித்தார் என்பதை நான் எந்த ஆண்டும் சொல்லாமல் விட்டதில்லை.

2018 நவம்பரில் வந்த கஜா புயலை மட்டும் கவனமாகக் கையாள்கிறேன். காற்றின் வேகம் இரு மடங்கானால் மரத்தின் மீதான விசை நான்கு மடங்காகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆனால் தென்னந்தோப்பை இழந்த வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களாகப் பேசினால் மட்டும் பேசுவேன்.

அப்துல் கலாம் அவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

பெரிய கூட்டத்தில், தொலைவிலிருந்து. அவர் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்தவர். மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவியிலிருந்து விலகியதும் 2001இல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். குடியரசுத் தலைவர் பதவிக்குப் பிறகும் வகுப்பறைக்கே திரும்பினார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார், அன்றே அவர் உயிர் பிரிந்தது. என்னைப் போன்றவர்களுக்கு ஓய்வுக்குப் பின் கற்பிக்கலாம் என்ற எண்ணம் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயுதங்களுக்காக உழைத்தவர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது முரண் இல்லையா?

இதைக் கேட்டவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், என் வாத்தியார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எல்லையில் நிற்கும் சிப்பாயின் கையில் இருக்கும் கருவி தேவையான நேரத்தில் செயலிழக்கக்கூடாது என்பதற்காக உழைத்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அதே சமயம், நான் உலுக்கிச் சரிபார்த்த பெட்டி எதற்குப் பயன்படும் என்பதை மறந்து ஒரு நாளும் தூங்கியதில்லை. வகுப்பில் எறிபொருள் இயக்கத்துக்கு நான் பீரங்கியை எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை. கவணையும் கிரிக்கெட் பந்தையும் எரு தூற்றும் கையையும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அந்தத் துறை வேண்டுமா வேண்டாமா என்பது அவர்கள் வளர்ந்து முடிவு செய்ய வேண்டியது. வாத்தியார் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் தன் பேத்தியை என் மாலை வகுப்பில் சேர்த்தார்.

பாதுகாப்பு ஆராய்ச்சியில் சேர மாணவர்கள் என்ன படிக்க வேண்டும்?

விஞ்ஞானிப் பணிக்குப் பொறியியலில் முதல் வகுப்புப் பட்டமோ அறிவியலில் முதல் வகுப்பு முதுகலைப் பட்டமோ வேண்டும், கேட் தேர்வு மதிப்பெண்ணும் பெரும்பாலும் தேவைப்படும். டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத் தொழில்நுட்பப் பணிகள் தனியே உண்டு. நான் பார்த்த மிகச் சிறந்த கைகள் ஐ.டி.ஐ. ஃபிட்டர்களுடையவை. பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம், அக்னி-4 ஏவுகணைத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் டெஸ்ஸி தாமஸ் என்ற பெண்மணி என்பதைச் சொல்கிறேன்.

நானும் ஓய்வு பெறப்போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஊருக்குத் திரும்பியதும் தலைமையாசிரியரைப் பாருங்கள், ஆனால் ‘பாடம் எடுக்க வந்தேன்’ என்று சொல்லாதீர்கள். ஆய்வகத்தில் பழுதான கருவிகளைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். எனக்குக் கதவு திறந்தது அப்படித்தான். ஒரு மாதம் மின்னழுத்தமானிகளையும் நிறமாலைமானியையும் பழுது பார்த்தேன், பிள்ளைகள் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். பாடநூலின் இரண்டு தொகுதிகளையும் புத்தக வினாக்கள் உட்பட நீங்களே எழுதிப் பாருங்கள். உங்கள் பதவியையும் பெற்ற விருதுகளையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஊதியம் பெயருக்குத்தான் இருக்கும், ஓய்வூதியம் இருக்கும் வரை அது ஒரு பொருட்டல்ல. ஒரு நாளில் மூன்று வகுப்புகளுக்கு மேல் நிற்க என் முழங்கால் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பள்ளி ஆய்வகத்துக்கு ஏதாவது கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கணினி வேண்டாம், அது பூட்டிய அறைக்குள் போய்விடும். 0.01 விநாடி காட்டும் நிறுத்துக் கடிகாரங்கள், நல்ல திருகு அளவிகள், சுருள்வில் தராசுகள், மல்டிமீட்டர்கள், தடித்த ஒளிபுகும் குழாய் பதினைந்து மீட்டர் ஆகியவைதான் வருடந்தோறும் குறைபவை. பழுதானவற்றையும் தாருங்கள், சனிக்கிழமைகளில் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அடுத்த மே மாதத்தில் தொட்டிச் சோதனையை மீண்டும் செய்து, அந்தப் பத்து சென்டிமீட்டரைத் தேடுவதாக இருக்கிறோம். அன்றைய காற்றழுத்தத்தைக் காட்டும் ஒரு பாரமானி மட்டும் எங்களிடம் இல்லை.